குகை வாசலில் ஒரு கொப்பரை: வாசகர் கேள்விகள்

போன இதழில் ஒரு பதிலின் நடுவே, "குர்துகள் நூறு வருஷமாக எழுவதும் விழுவதுமாக இருக்கிறார்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள், மற்ற எல்லாப் பதில்களுக்கும் வந்ததைவிட அதிகம். சரி, துருக்கி, இராக், ஈரான், சிரியா என்று பிரிந்து கிடக்கும், தனி நாடு இல்லாத அந்த இனத்தாருக்கே இந்த இதழ் முழுக்க.

கேள்வி: 2025 ஜூலையில் குர்துப் போராளிகள் துப்பாக்கிகளை ஒரு பெரிய கொப்பரையில் போட்டு எரித்த படத்தைப் பார்த்தேன். ஆயுதத்தை ராணுவத்திடம் ஒப்படைப்பதுதானே வழக்கம்? அதுவும் எதற்கு ஒரு குகை வாசலில்?

பதில்: ஒப்படைத்தால் அது சரண். வாங்கிக்கொள்ள எதிரில் ஒரு கை இருக்க வேண்டும். எரித்தால் அப்படியில்லை, என் பொருள், நானே அழித்தேன். கொப்பரைக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஜூலை 11 அன்று வந்தவர்கள் 30 பேர், பாதிப் பேர் பெண்கள். துருக்கியை எதிர்த்து 1984 முதல் சண்டை போட்ட பி.கே.கே. இயக்கத்தினர். சிறையில் இருக்கும் தலைவர் அப்துல்லா ஓஜலான் பிப்ரவரியில் இயக்கத்தைக் கலைக்கச் சொன்னார், மே மாதம் கலைப்பதாக அறிவித்தார்கள், ஜூலையில் இந்தக் கொப்பரை.

குகைக்கு ஒரு பழைய கதை உண்டு. அதன் பெயர் ஜாசனா. வட இராக்கில், சுலைமானியா நகரத்துக்கு அப்பால் மலைக்குள் இருக்கிறது. 1923இல் பிரிட்டிஷ் விமானங்கள் சுலைமானியாவுக்குக் குறி வைத்தபோது, ஷேக் மஹ்மூத் பர்ஸஞ்சி என்ற குர்துத் தலைவர் ஆட்களோடு இங்கேதான் ஒதுங்கினார். ஒதுங்கியவர் சும்மா இருக்கவில்லை. அச்சு இயந்திரத்தையும் குகைக்குள் கொண்டுவந்து ஒரு செய்தித்தாள் போட்டார். அதன் பெயர் 'பாங்கி ஹக்'. உண்மையின் அழைப்பு என்று பொருள். மூன்று இதழ்கள்தான் வந்தன. தலைக்கு மேல் விமானம் பறக்கும்போது சோறு தண்ணீருக்கு அலைவதை விட்டுவிட்டு எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த அந்த ஆட்களை நினைத்தால், பத்திரிகையில் வேலை பார்த்த எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது. நூறு வருஷம் கழித்து ஆயுதத்தை எரிக்க இடம் தேடியவர்கள் இதை எல்லாம் தெரிந்துதான் அங்கே போயிருப்பார்கள்.

கேள்வி: அந்த ஷேக் மஹ்மூத் யார்? பிரிட்டனின் ஆளா, எதிரியா?

பதில்: இரண்டும், மாறி மாறி. முதல் உலகப்போர் முடிந்ததும் சுலைமானியாவை ஆள அவரை அமர்த்தியதே பிரிட்டன்தான். 1919 மே மாதம் அவர் பிரிட்டிஷ் அதிகாரிகளைப் பிடித்து அடைத்துவிட்டு, கஜானாவையும் கைப்பற்றினார். ஜூனில் பாஸியான் கணவாயில் சண்டை. காயத்தோடு பிடிபட்டார்.

ஆஸ்பத்திரியில் கிடந்தவரை ஆர்னால்ட் வில்சன் என்ற பிரிட்டிஷ் நிர்வாகி போய்ப் பார்த்தார். அந்தச் சந்திப்பைப் பின்னாளில் அவரே எழுதி வைத்திருக்கிறார். என்னை விசாரிக்க எந்த ராணுவ நீதிமன்றத்துக்கும் உரிமை கிடையாது என்று ஷேக் வாதாடினாராம். அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனின் 14 அம்சங்களில் 12ஆவதை ஒப்பித்துக் காட்டினாராம். துருக்கிய ஆட்சியில் இருந்த மற்ற இனங்களுக்குத் தன்னாட்சி வாய்ப்பு என்று சொல்வது அது. கூடவே, 1918 நவம்பரில் பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து வெளியிட்ட பிரகடனம். அதன் குர்து மொழிபெயர்ப்பை ஒரு குர்ஆனின் வெற்றுத்தாள்களில் எழுதித் தாயத்து மாதிரி கையில் கட்டியிருந்தார். பெரிய தேசங்கள் கொடுத்த வாக்கைத் தாயத்தாகக் கட்டிக்கொண்ட மனிதர்! தாயத்து பலித்ததா என்று கேட்காதீர்கள். மரண தண்டனை குறைக்கப்பட்டு, இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

அப்புறம் 1922இல் துருக்கிப் படை எல்லையில் நெருக்கியபோது, அதே ஷேக் வேண்டியிருந்தார். திரும்பக் கூட்டிவந்தார்கள். வந்தவர் நவம்பரில் தன்னைக் குர்திஸ்தானின் அரசர் என்று அறிவித்துக்கொண்டார். மறுபடி குண்டு, மறுபடி மலை. 1931 வரை விட்டுவிட்டு நடந்தது. 1956இல் பாக்தாத்தில் காலமானார்.

கேள்வி: குர்துகளுக்குத் தனி நாடு தருவதாக ஒப்பந்தமே போட்டார்களாமே?

பதில்: 1920 ஆகஸ்ட் 10, செவ்ரே ஒப்பந்தம். முதலில் தன்னாட்சி, ஒரு வருஷத்துக்குள் பெரும்பான்மைக் குர்துகள் கேட்டு, சர்வதேச சங்கமும் ஒப்புக்கொண்டால் தனி நாடு. 62 முதல் 64 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. முஸ்தபா கெமாலின் துருக்கி போரில் ஜெயித்ததும் அந்தக் காகிதம் செல்லாமல் போனது. 1923 ஜூலை 24இல் லோசான் ஒப்பந்தம் வந்தது. அதில் மொத்தம் 143 பிரிவுகள். எதிலும் குர்து என்ற சொல்லே கிடையாது.

கேள்வி: சலாஹுதீன் அய்யூபி குர்தா?

பதில்: ஆமாம். பிறந்த ஊர் திக்ரித். சதாம் உசேன் பிறந்த கிராமமும் அந்தத் திக்ரித்துக்குப் பக்கத்தில்தான்.

கேள்வி: 1925இல் துருக்கியில் நடந்த ஷேக் சயீத் எழுச்சி மதக் கலகம் என்கிறார்கள் சிலர், தேசியப் போராட்டம் என்கிறார்கள் சிலர். நீங்கள் எந்தக் கட்சி?

பதில்: இரண்டையும் பிரிக்கவே முடியாது என்கிற கட்சி. 1924 மார்ச்சில் துருக்கி கிலாபத்தை, அதாவது முஸ்லிம்களின் தலைமைப் பீடத்தை, ஒழித்தது. துருக்கியனையும் குர்தையும் கட்டி வைத்திருந்த கயிறு அதுதான். கயிறும் போனது, குர்து மொழிக்கும் பொது இடத்தில் இடமில்லாமல் போனது. ராணுவத்தில் இருந்த குர்து அதிகாரிகள் ரகசியமாக ஒரு அமைப்பு வைத்திருந்தார்கள், அவர்களுக்குத் தேசம். கிராமத்து ஆட்களைத் திரட்டத் தெரிந்தவர் நக்ஷபந்தி என்ற சூஃபி மரபைச் சேர்ந்த ஷேக் சயீத், அவருக்கு மார்க்கம். 1925 பிப்ரவரி 13இல் பிரான் என்ற ஊரில் போலீஸோடு ஏற்பட்ட கைகலப்பில் திட்டமிட்ட நாளுக்கு முன்பே தீப்பற்றிக்கொண்டது.

தியார்பகிர் கோட்டைச் சுவரை அவர்களால் தாண்ட முடியவில்லை. துருக்கி, தன் படையை பிரான்ஸ் வசம் இருந்த சிரியா வழியாகப் போகும் ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தது. பிரான்ஸ் அனுமதி கொடுத்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன். ஷியா வழிக்கு நெருக்கமான அலவி குர்துப் பழங்குடிகள் சில, சுன்னி ஷேக்கின் ஆட்சி நமக்கு ஆகாது என்று எதிர்த்தே சண்டை போட்டன. ஏப்ரலில் ஷேக் பிடிபட்டார். காட்டிக்கொடுத்தவர் திருமண வழி உறவினர். ஜூன் 29 அன்று தியார்பகிரில் 47 பேரைத் தூக்கில் போட்டார்கள்.

ஷேக்கைப் புதைத்த இடம் எது என்று இன்றுவரை குடும்பத்துக்குச் சொல்லப்படவில்லை. 1937 நவம்பரில் எலாசிக்கில் தூக்கிலிடப்பட்ட கிழக்குத் துருக்கியின் டெர்சிம் வட்டாரக் குர்துத் தலைவர் சையத் ரிஸாவுக்கும் அதே கதி. 1937-38இல் டெர்சிமை ராணுவம் அடக்கியபோது கொல்லப்பட்டவர்கள் 13,806 பேர் என்று அரசு ஆவணத்தை வைத்துச் சொல்லி, 2011இல் அன்றைய பிரதமர் எர்டோகன் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு வந்தது, கல்லறை வரவில்லை.

கேள்வி: மஹாபாத் குடியரசு உண்மையிலேயே ஒரு நாடாக இருந்ததா?

பதில்: ஈரானுக்குள், ஒரு ஊரும் சுற்றுவட்டாரமும். 1946 ஜனவரி 22 அன்று 'சுவார் சிரா' சதுக்கத்தில் (நான்கு விளக்கு என்று பொருள்) காஜி முஹம்மத் குடியரசை அறிவித்தார். தலையில் மார்க்க அறிஞரின் வெள்ளைத் தலைப்பாகை, உடம்பில் சோவியத் பாணி ராணுவ உடுப்பு. அந்த நாட்டின் மொத்த வரலாறும் அந்த வேஷத்திலேயே இருந்தது. சோவியத் படை வட ஈரானில் இருந்தவரை குடியரசு இருந்தது. எண்ணெய் உரிமை தருகிறோம் என்று தெஹ்ரான் சொன்னதும், மே மாதம் சோவியத் படை கிளம்பிவிட்டது. டிசம்பரில் ஈரான் ராணுவம் உள்ளே வந்தது. ஸ்டாலினுக்கு எண்ணெயாவது கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. மறு வருஷம் ஈரான் நாடாளுமன்றம் ஒப்பந்தத்தை நிராகரித்துவிட்டது.

காஜி தப்பி ஓடவில்லை. நான் போனால் ஊரை அழித்துவிடுவார்கள் என்று இருந்துவிட்டார். 1947 மார்ச் 31 அன்று, குடியரசை அறிவித்த அதே சதுக்கத்தில், தம்பியோடும் சித்தப்பா மகனோடும் தூக்கில் தொங்கினார். குடியரசின் தளபதிகளில் ஒருவரான இராக்கிய குர்து முஸ்தபா பர்ஸானி மட்டும், சுமார் 500 பேரோடு மூன்று நாடுகளின் எல்லை மலைகளில் நடந்து, அராஸ் ஆற்றைக் கடந்து சோவியத் பக்கம் போய்ச் சேர்ந்தார். இராக்கில் மன்னராட்சி கவிழ்ந்த 1958இல்தான் ஊர் திரும்பினார்.

கேள்வி: ஈரானில் அதோடு முடிந்ததா?

பதில்: இல்லை. 1979 புரட்சிக்குப் பிறகு தன்னாட்சி கேட்டு எழுந்தார்கள். கொமெய்னி படை அனுப்பி அடக்கினார். தலைவர் காசிம்லூ 1989 ஜூலையில் வியன்னாவில் ஈரான் அரசுத் தூதர்களோடு பேச உட்கார்ந்தார். பேசிய அறையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் குர்துகளை ஏமாற்றியது அமெரிக்காதான் என்கிறாரே என் நண்பர்?

பதில்: நண்பர் பாதி சரி. பட்டியலில் அமெரிக்காவுக்கு முன்னால் பலர் நிற்கிறார்கள். 1975ஐ மட்டும் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

1961இலிருந்து பர்ஸானி இராக்கோடு சண்டை. 1970 மார்ச் 11 அன்று பாக்தாத் தன்னாட்சி தருவதாகக் கையெழுத்துப் போட்டது. கிர்குக் எண்ணெய் யாருக்கு என்பதில் ஒப்பந்தம் முறிந்தது. இடையில் 1972இல் ஈரான் ஷா கேட்டுக்கொண்டதால் நிக்சன் ரகசியமாகப் பணமும் ஆயுதமும் கொடுக்கச் சம்மதித்தார். பர்ஸானிக்கு ஷாவை நம்ப மனமில்லை. அமெரிக்கா இருக்கிறதே என்றுதான் இறங்கினார். 1974இல் முழுப் போர்.

1975 மார்ச் 6 அன்று அல்ஜியர்ஸில் ஷாவும் சதாமும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஷத்-அல்-அரப் ஆற்றில் ஈரான் கேட்ட எல்லை ஈரானுக்கு. குர்துகளுக்கு உதவி நிறுத்தம். எல்லை மூடியது, ஈரானின் பீரங்கிகள் திரும்பிப் போயின. பதினான்கு வருஷப் போர் சில நாட்களில் சரிந்தது. பர்ஸானி அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸிஞ்சருக்குக் கடிதம் எழுதினார், பதில் இல்லை. ரகசிய நடவடிக்கையை மிஷனரி ஊழியமாக நினைக்கக் கூடாது என்று கிஸிஞ்சர் பிறகு சொன்னது பிரசித்தம். என்னைக் கேட்டால் அதைவிடக் கொடுமை, உளவுத்துறையை விசாரித்த அமெரிக்க நாடாளுமன்றத்தின் பைக் குழு அறிக்கையில் இருக்கிறது. குர்துகள் ஜெயிக்க வேண்டும் என்று யாருமே விரும்பவில்லையாம். இராக்கின் சக்தி கரையும் அளவுக்குச் சண்டை நீடித்தால் போதும். இந்தக் கொள்கை குர்துகளுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்றும் அறிக்கையே சொல்கிறது.

இப்போது அந்த ரயிலுக்கு வருகிறேன். ஒவ்வொரு எழுச்சிக்கும் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கதவு இருந்திருக்கிறது. எழுச்சி முடிந்த தேதியைப் பார்த்தால், பெரும்பாலும் அது கதவைச் சாத்திய தேதியாக இருக்கும். 1930இல் அரராத் மலை எழுச்சி, ஈரான் பக்கச் சரிவிலிருந்து துருக்கி சுற்றி வளைத்ததும் முடிந்தது. 1932இல் அந்தச் சின்ன அரராத் நிலத்தையே ஈரான் துருக்கிக்கு எழுதிக் கொடுத்து வேறு நிலம் வாங்கிக்கொண்டது. 1946இல் சோவியத். 1975இல் ஷா. 1998 அக்டோபரில் துருக்கி மிரட்டியதும் சிரியா ஓஜலானை வெளியேற்றியது. நான்கே மாதத்தில் நைரோபியில் பிடிபட்டார். ஒவ்வொரு அரசுக்கும் பக்கத்து வீட்டுக் குர்து தேசபக்தன், தன் வீட்டுக் குர்து கலகக்காரன். கதவைத் திறக்கிறவனுக்குத் தன் வீட்டிலும் குர்துகள் உண்டு என்பதால், எந்தக் கதவும் முழுசாகத் திறந்ததில்லை.

கேள்வி: 'ஜாஷ்' என்றால் என்ன? ஒரு கட்டுரையில் விளக்கமில்லாமல் படித்தேன்.

பதில்: கழுதைக்குட்டி. அரசிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு குர்துகளுக்கு எதிராகத் துப்பாக்கி பிடிக்கும் குர்துக்கு, குர்துகளே வைத்த பெயர். அறுபதுகளில் இராக் அரசு அதே ஆட்களுக்கு வைத்த பெயர் 'சலாஹுதீனின் குதிரைவீரர்கள்'. அரசு குதிரை என்றது, ஊர் கழுதை என்றது.

ஆனால் துரோகி என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் கதை புரியாது. பழங்குடித் தலைவருக்குப் பக்கத்துப் பழங்குடியோடு தலைமுறைப் பகை; பகையாளி போராளிப் பக்கம் போனால் இவர் அரசுப் பக்கம். இராக்-ஈரான் போர்க் காலத்தில் இன்னொரு காரணமும் இருந்தது. ஜாஷ் அட்டை இருந்தால் எல்லைப் போர்முனைக்குப் போய்ச் சாக வேண்டாம். பல பேர் பகலில் ஜாஷ், ராத்திரியில் போராளிக்குச் சோறு போடுகிறவர்.

1991ஐப் பாருங்கள். குவைத்தில் சதாம் தோற்றதும், எங்களோடு வந்துவிட்டால் பழசை எல்லாம் மறக்கிறோம் என்று குர்து முன்னணி ஜாஷ் படைகளுக்குச் சொல்லியனுப்பியது. மார்ச் 5 அன்று ரானியா என்ற சின்ன ஊர் எழுந்தது. அரசின் சம்பளத் துப்பாக்கிகள் ஒரே நாளில் பக்கம் மாறின. இரண்டு, மூன்று நாளில் சுலைமானியா. அங்கே மக்கள் முதலில் பாய்ந்தது 'அம்னா சூராகா' மேல். சிவப்பு நிறத்தில் இருந்த ரகசியப் போலீஸ் கட்டடம், சித்திரவதைக் கூடம். இப்போது அது அருங்காட்சியகம். வாசல் கூடத்தின் சுவர் முழுக்க உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பதித்திருக்கிறார்கள், 1,82,000 துண்டுகள். குர்துக் கிராமங்களை அழிக்கச் சதாம் நடத்திய 1988 அன்ஃபால் நடவடிக்கையில் காணாமல் போனவர்கள் என்று குர்துகள் சொல்லும் எண்ணிக்கை அது. மனித உரிமை அமைப்புகளின் கணக்கு 50,000 முதல் ஒரு லட்சம் வரை. கண்ணாடியில் பார்க்கிறவரின் முகம் துண்டு துண்டாகத் தெரியும்.

மார்ச் 20 வாக்கில் கிர்குக்கும் விழுந்தது. அத்தோடு சரி. இராக்கியர்களே சதாமைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று பிப்ரவரியில் பேசிய அமெரிக்கா, போர்நிறுத்தத்தில் இராக்கின் ஹெலிகாப்டர்களுக்குத் தடை போட மறந்தது, அல்லது மறந்த மாதிரி இருந்தது. 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பனிமலை ஏறி ஈரான், துருக்கி எல்லைக்கு ஓடினார்கள். அந்தப் படங்கள் தொலைக்காட்சியில் ஓடியதால்தான் 36ஆவது அட்சரேகைக்கு வடக்கே இராக் விமானம் பறக்கத் தடை வந்தது. இன்றைய குர்திஸ்தான் வட்டார அரசு அதன் நிழலில் வளர்ந்தது.

கேள்வி: ஹலப்ஜாவைப் பற்றி எழுதுங்கள்.

பதில்: 1988 மார்ச் 16. இராக்கின் அந்தக் குர்து ஊர்மேல் சதாமின் விமானங்கள் விஷவாயு குண்டு போட்டன. செத்தவர்கள் சுமார் 5,000 பேர். முதலில் ஆப்பிள் வாசனை வந்தது என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். அன்று உலகம் உடனே சதாமைக் கைகாட்டவில்லை. ஈரான் மேலும் பழி போட்டுப் பார்த்தார்கள். ஈரானோடு போரிட்டுக்கொண்டிருந்த அவர் அப்போது தேவைப்பட்டவர்.

கேள்வி: ஆங்கில எழுத்துகளில் சிலவற்றைத் துருக்கி தடை செய்ததாமே? வேடிக்கையாக இருக்கிறதே!

பதில்: கியூ, டபிள்யூ, எக்ஸ். துருக்கிய நெடுங்கணக்கில் இந்த மூன்றும் கிடையாது. குர்மாஞ்சி குர்து மொழிக்கு மூன்றும் வேண்டும். குர்துகளின் புத்தாண்டு நவ்ரோஸ். அதை வாழ்த்து அட்டையில் 'வி' போட்டு எழுதினால் பண்டிகை, 'டபிள்யூ' போட்டு எழுதினால் வழக்கு. குழந்தைக்குப் பெயர் வைக்கப் போனாலும் இதே தொல்லை. 2013இல்தான் தளர்த்தினார்கள். குர்து மொழியில் வெளியிடுவதையே தடுத்த 1983 சட்டம் 1991 வரை இருந்தது. வேடிக்கை என்கிறீர்கள், பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போனவருக்கு வேடிக்கையாக இருந்திருக்காது.

கேள்வி: சிரியாவில்?

பதில்: 1962 அக்டோபரில் ஹசக்கா மாகாணத்தில் ஒரே நாளில் கணக்கெடுத்து, சுமார் 1,20,000 குர்துகளின் குடியுரிமையைப் பறித்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் குடிமகன், தம்பி அந்நியன் என்று ஆனது. 2004 மார்ச்சில் காமிஷ்லியில் ஒரு கால்பந்தாட்டத்தில் ஆரம்பித்த தகராறு எழுச்சியாகப் பரவியது. அரசுக்கு எதிரான கிளர்ச்சி தொடங்கிய பிறகு, 2011இல்தான் பறித்த குடியுரிமையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

கேள்வி: மலைகளைத் தவிர குர்துகளுக்கு நண்பர்கள் இல்லை என்ற பழமொழி சரிதானா?

பதில்: அழகான பழமொழி. ஆனால் விமானம் வருவதற்கு முந்தியது. அப்புறம் நண்பர்கள் இல்லாதது மட்டுமா பிரச்சினை? 1994 முதல் 1998 வரை இராக்கின் இரண்டு குர்துக் கட்சிகளே ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. 1996 ஆகஸ்டில் எர்பில் நகரத்தைப் பிடிக்க ஒரு கட்சி சதாமின் டாங்கிகளையே அழைத்து வந்தது. அன்ஃபால் முடிந்து எட்டே வருஷம். 2017 செப்டம்பரில் தனி நாட்டுக்கான வாக்கெடுப்பில் 92 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. மூன்று வாரத்தில் கிர்குக் கைவிட்டுப் போனபோதும் இரண்டு கட்சிகளும் ஒன்றையொன்று கைகாட்டின. இதில் மலை பாவம், என்ன செய்யும்?

கேள்வி: எழுச்சிக்குக் குர்து மொழியில் என்ன சொல்?

பதில்: சுலைமானியா பக்கம் 'ராபரீன்'. 1991க்கு அதுவே பெயர். துருக்கிப் பக்கத்தில் 'சர்ஹில்தான்'. சர் என்றால் தலை, ஹில்தான் என்றால் தூக்குவது.

இந்தச் சொல் தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஒரு உறுத்தல். 1991 மார்ச்சில் ஒரு நாளிதழின் வெளிநாட்டுச் செய்தி மேசையில் இரவுப் பணியில் இருந்தேன். டெலிபிரிண்டரில் ரானியா செய்தி நாலு வரி வந்தது. பக்கம் முடிக்கும் அவசரத்தில் 'வட இராக்கில் கலவரம்' என்று தலைப்புப் போட்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் சுலைமானியா செய்திக்கு இன்னும் நன்றாக எழுதுவதாக நினைத்துக்கொண்டு, 'குர்துத் தீவிரவாதம் மீண்டும் தலைதூக்கியது' என்று எழுதினேன். பாருங்கள், அவர்கள் சொல்லையே அச்சாகப் பிடித்திருக்கிறேன், ஆனால் அரசாங்கத்தின் வாயால். தமிழில் கெட்டது தலைதூக்கும். நொடித்துப்போன குடும்பம் பிழைத்து வந்தால் அது தலையெடுக்கும். இரண்டாவது சொல் அன்றும் எனக்குத் தெரியும். இரவு பதினொன்றரைக்கு அது கைக்கு வரவில்லை.